வளையல் கழற்றிய கை

டம்ளரின் வெளிப்பக்கத்தில், தண்ணீர் நிற்கிற மட்டத்துக்குச் சரியாக, என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவைத்துவிட்டுத்தான் நேற்றுச் சாயந்திரம் இங்கிருந்து கிளம்பினேன். இப்போது வந்து பார்க்கிறேன், பொட்டு இருக்கிறது, தண்ணீர் அதற்கு ஒரு விரல்கடை கீழே இருக்கிறது. அந்த ஒரு விரல்கடை அம்மாவின் தொண்டைக்குள் போயிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே போயிருக்கவும் கூடும். கொட்டுகிறவள் இன்னும் தாராளமாகக் கொட்டியிருப்பாளே, நம்புகிற மாதிரி பாதி டம்ளராவது காலி பண்ணியிருப்பாளே, இவ்வளவு கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது என்றால் நிஜமாகக் கொடுத்ததுதான் என்று ஒரு மனசு சொல்கிறது. நான் இப்படித்தான் நினைப்பேன் என்று தெரிந்தே அளவாகக் கொட்டியிருப்பாள் என்று இன்னொரு மனசு சொல்கிறது. மயிலாத்தாள் அப்படிப்பட்டவள் இல்லை. இரண்டு வருஷமாக அம்மாவைக் குளிப்பாட்டித் துணி மாற்றிப் பார்த்துக்கொள்கிற ஆயா அவள். ஆனால் வந்ததும் வராததுமாக, "அக்கா, உங்க பொட்டு டம்ளர்ல ஒட்டிக்கிச்சுங்க. பிய்க்கலாம்னு பார்த்தேன், சரி, அக்கா வந்து தேடுவாங்கன்னு அப்படியே உட்டுட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைத்தான் நான் பத்து நிமிஷமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணி மூன்று. சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே இன்னும் வரிசையாக ஏழு கை கழுவும் குழாய்கள் இருக்கின்றன, ஏனென்றால் முதியோர் இல்லம் ஆவதற்கு முன்னால் இது கல்யாண மண்டபம். பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஏசி வைத்த மண்டபங்கள் வந்ததும் இங்கே முகூர்த்தம் நின்றுபோய்விட்டது. பந்தி நடந்த கூடத்தில் இப்போது பதினான்கு கட்டில்கள். அம்மாவுடையது ஜன்னல் பக்கம். ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். கன்னம் உள்ளே போய், வாய் லேசாகத் திறந்து, மூச்சு வருவதும் போவதும் அந்த உதட்டில் ஒட்டியிருக்கிற தோல் ஒன்று ஆடுவதில்தான் தெரிகிறது. அந்தத் தோலை நேற்றே நனைத்து எடுத்திருக்க வேண்டாமா? எடுத்திருப்பார்கள், மறுபடி காய்ந்திருக்கும். எடுக்காமலும் இருந்திருப்பார்கள்.

நாலு மணிக்கு டாக்டரம்மா வருவார்கள். நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். முந்தாநாள், முன்பு மணமகள் அறையாக இருந்த அந்தச் சின்ன அறையில் என்னை உட்கார வைத்து நிதானமாகத்தான் சொன்னார்கள். "அம்மாவுக்கு ஞாபகம் போற வியாதி கடைசிக்கு வந்துடுச்சும்மா. நடை போச்சு, பேச்சு போச்சு, இப்ப விழுங்கறதும் மறந்துட்டு வருது. மூக்கு வழியா குழாய் போட்டு வயித்துக்குக் கஞ்சி அனுப்பலாம். ஆனா அதனால வியாதி நிக்காது. புரையேறாதுன்னும் சொல்ல முடியாது. அம்மா அதைப் பிடுங்கப் பார்ப்பாங்க, கையைக் கட்டி வைக்க வேண்டியிருக்கும். இல்லேன்னா குழாய் வேண்டாம். வாயால எவ்வளவு வாங்கறாங்களோ அவ்வளவு, ஸ்பூன்ல. வாங்கலேன்னா உதட்டை நனைச்சு விடுறது. வலியில்லாம நான் பார்த்துக்கறேன்." எது நல்லதுங்க என்று கேட்டேன். "எங்கம்மாவா இருந்தா நான் குழாய் போட மாட்டேன்" என்றார்கள். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள்? அவர்களுக்கு அம்மா இருக்கிறார்களா இல்லையா? இவ்வளவு தன்மையாகப் பேசுகிற டாக்டரை நான் பார்த்ததில்லை, எனக்குத் தெரிந்த டாக்டர்கள் எல்லாம் தலை நிமிராமல் சீட்டு எழுதுகிறவர்கள், அதனால் அந்தத் தன்மையே எனக்கு உறுத்துகிறது. நேற்று ஒரு புருஷன் பெண்டாட்டி காரில் வந்து, இந்த ஜன்னல் பக்கமே நின்று, "அப்பாவுக்குக் காத்து வேணும்ல" என்று பேசிக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும் நகர்ந்துபோனார்கள். அம்மாவின் கட்டில் எப்போது காலியாகும் என்று ஆள் காத்திருக்கிறதோ? கையெழுத்துப் போட வேண்டிய தாள் இங்கிலீஷில் இருந்தது. தமிழில் வேண்டும் என்று கேட்டேன், ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் எப்படி? ஏற்கெனவே இருந்ததா? இருந்ததை ஏன் முதலிலேயே தரவில்லை? நான் ஏழாவது பாதியில் நின்றவள், ஆனால் பேப்பர் விடாமல் படிப்பேன், ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து நாலு தடவை படித்துவிட்டேன், தப்பாக ஒன்றும் இல்லை. தப்பு இல்லாத தாளைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயம். தம்பி லோகநாதனுக்குப் போன் போட்டேன். அம்மா அவன் வீட்டில்தான் திருப்பூரில் இருந்தாள், இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அவன்தான். "நீயே ஒரு முடிவு பண்ணுக்கா. நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்கிறான். அவன் புது வீட்டுக்கு என்ன கலர் அடித்தான் என்பதே எனக்குக் கிரகப்பிரவேசத்தன்றுதான் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்காதவன் இதை மட்டும் என் கையில் கொடுக்கிறான். எதற்கு என்று தெரியாதா எனக்கு? குழாய் வேண்டாம் என்று நான் சொன்னால், பதினாறாம் நாள் காரியத்தில் நாலு பேர் நடுவில் ஒருத்தர் கேட்பார்கள், "ஏனப்பா, அம்மாவைப் பட்டினியிலயா போகவிட்டீங்க?" என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அக்காதான் வேண்டாம்னுடுச்சுங்க" என்பான். அப்படித்தான் சொல்வான். ஏனென்றால் பதினாறாம் நாள் காரியத்தில் நாலு பேர் நடுவில் என்ன கேட்பார்கள் என்று இந்தக் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

கிண்ணத்தில் கஞ்சி ஆறி, மேலே ஆடை கட்டியிருக்கிறது. ஆடை கிழியவில்லை. ஸ்பூன் உள்ளே போயிருந்தால் கிழிந்திருக்கும். மத்தியானம் கொடுத்துப் பார்த்ததாகவும் அம்மா வாங்கவில்லை என்றும் மயிலாத்தாள் சொன்னாள், அப்படியென்றால் உதட்டில் வைத்தது எதில் எடுத்தது? வேறு கிண்ணமாக இருக்கும். இதே ஆடையை நான் முன்னாலும் பார்த்திருக்கிறேன். பதினொரு வருஷம் முந்தி, அப்பா கிடையாகக் கிடந்தபோது, என்னைக் கட்டிக்கொடுத்த ஊரான கோபியிலிருந்து பஸ் பிடித்து ஓடிவந்து, நேராகச் சமையலறைக்குள் போய் மூடியைத் திறந்து பார்த்தேன். அப்பாவைப் போய்ப் பார்த்தேனா முதலில்? இல்லை. சட்டியைத்தான் பார்த்தேன். சட்டி நிறையக் கஞ்சி, மேலே இப்படித்தான் ஆடை, ஒரு கரண்டி கூட எடுத்த தடம் இல்லை. உள்ளே அப்பா வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கிறார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சீலை முனையைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஈரோட்டுக்குக் கொண்டுபோய்க் குழாய் போடலாம் என்று டாக்டர் சொன்னாராம், அம்மா வேண்டாம் என்றுவிட்டாளாம். "அவரு வேண்டாங்கறாரு துளசி. கரண்டியக் கொண்டுபோனா மூஞ்சியத் திருப்பிக்கறாரு. கட்டாயப்படுத்தினா கண்ணுல தண்ணி வருது" என்றாள். பேச்சு போனவர் எப்படி வேண்டாம் என்பார் என்று நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். நாலாம் நாள் அப்பா போய்விட்டார். காரியத்தன்று, அடுப்படியில் நின்று நின்று அம்மாவுக்கு மயக்கம் வருகிற மாதிரி இருந்தது, நான்தான் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அவள் அதை வாய்க்குக் கொண்டுபோகும்போது என் வாயிலிருந்து வந்துவிட்டது. "ஒரு சட்டிக் கஞ்சியும் ஆறிக் கெடந்துச்சு. அவரு பட்டினியில போறதப் பார்த்துட்டே உக்காந்திருந்தியே, உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?" எல்லாரும் இருந்தார்கள். அம்மா அழவில்லை. சொம்பைக் கீழே வைத்தாள், சத்தம் வராமல் வைத்தாள். "இன்னையோட சரி. உன்ற கையால ஒரு சொட்டுத் தண்ணி இனி என்ற தொண்டையில எறங்காது. நாஞ் சாகறப்பவுஞ் சரி." கோபத்தில் சொல்கிறாள், நாலு நாளில் சரியாகிவிடும் என்றார்கள். என் வீட்டில் அவள் கை நனைக்கவே இல்லை. என் மகள் கல்யாணம் நடந்தது இதே மண்டபத்தில்தான். அம்மா ஒயர் கூடையில் பச்சை பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரோடு வந்து இறங்கினாள். "அத்தை வந்துட்டாங்க, கூடவே பாட்டிலும் வந்துடுச்சு, பந்தியில ரெண்டு இலையாப் போடுங்கப்பா" என்றார் என் வீட்டுக்காரரின் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். பேத்திக்குத் திருநீறு வைத்தாள், கூடத்து ஓரம் உட்கார்ந்து தன் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். எந்த ஓரம்? அநேகமாக இந்த ஜன்னல்தான்.

மயிலாத்தாள் அடுத்த கட்டிலில் ஒரு அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீங்க ஒரு வாய் குடுத்துப் பாருங்களேன்க்கா. இந்த ரெண்டு வருசத்துல நீங்க ஊட்டி நான் பார்த்ததே இல்லியே." இவளும் கணக்கு வைத்திருக்கிறாள். நான் டம்ளரில் பொட்டு ஒட்டினால், இவள் என் மேல் எங்கேயோ ஒட்டி வைத்திருக்கிறாள். வாரத்துக்கு மூன்று நாள் வருவேன், கால் பிடித்துவிடுவேன், நகம் வெட்டுவேன், போர்வை மாற்றுவேன், கிண்ணம் வந்ததும், "நீ குடு மயிலா, உனக்குத்தான் பழக்கம்" என்று நகர்ந்துவிடுவேன். "என்ற கையால வாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் சீப்பை நிறுத்திச் சிரித்தாள். "இது யாரு கைன்னு அம்மாவுக்கு என்னங்க்கா தெரியுது? போன வருசம் பேச்சு இருந்தப்பவே என்னையப் பார்த்து, ஏண்டி பால்காரி, இன்னிக்கும் தண்ணி ஊத்திட்டயான்னாங்க. நானும், இல்லீங்க கவுண்டச்சி, கறந்த பாலுன்னேன். அப்பத்தான் குடிச்சாங்க." பிறகு, "தலைய நிமிர்த்தி வெச்சுக் கொஞ்சமாக் குடுங்க. முழுங்கற சத்தம் கேட்டப்புறம் அடுத்தது" என்று சொல்லிவிட்டு வெந்நீர் எடுக்கப் போனாள். மூன்றரை. நிஜமாகவே தெரியாதா? இந்த ஒரு வாரமாக வாயை மூடிக்கொண்டிருப்பது வியாதியா, அல்லது எல்லாம் மறந்தபிறகும் அது ஒன்று மட்டும் உள்ளே எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, வருகிற கை எல்லாம் என் கை என்று நினைத்து மூடிக்கொள்கிறதா? இதை டாக்டரம்மாவிடம் கேட்க முடியுமா? குழாய் போட்டுவிட்டால் இந்தக் கேள்வியே இல்லை. மூக்கு வழியாகப் போகிறதற்கு வாய் சம்மதிக்க வேண்டியதில்லை. கஞ்சியை நானே ஊற்றலாம், அது இறங்கும், என் கையால் இறங்கும். இதற்காகத்தான் இரண்டு நாளாகக் குழாய் குழாய் என்று மனசு போகிறதா? அவள் பிழைக்கவா, நான் ஜெயிக்கவா? எழுந்து நின்றேன். வளையல் குலுங்கியது. சின்ன வயசிலிருந்தே அம்மா, "உன்ற வளையச் சத்தம் தெருமுனையிலயே கேக்குது" என்பாள். மெதுவாக ஒவ்வொன்றாகக் கழற்றினேன், கண்ணாடி வளையல் ஆறு, தங்கம் இரண்டு, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டேன். தலைமாட்டில், அம்மாவின் கண்ணுக்குத் தெரியாத பக்கம் போய் நின்றுகொண்டேன். வெறும் கை என் கை மாதிரியே இல்லை. ஆடையை ஒதுக்கி, அரை ஸ்பூன் எடுத்து, பின்னாலிருந்து தலையை நிமிர்த்தி, உதட்டில் வைத்தேன். உதடு சும்மா இருந்தது. பிறகு நாக்கு வந்தது. வாய் திறந்தது. உள்ளே போயிற்று. நான் மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டேன். தொண்டையில் ஒரு சின்ன சத்தம், வாய்க்காலில் கல் விழுகிற மாதிரி. இறங்கிவிட்டது. பதினொரு வருஷத்துக்கு அப்புறம் இறங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷம் வர வேண்டும், வந்தது திருடிய பொருளை மடியில் வைத்திருக்கிறவளுக்கு வருகிற படபடப்பு. இரண்டாவது ஸ்பூனைக் கொண்டுபோனேன். போர்வைக்குள்ளிருந்து அம்மாவின் கை வந்தது. ஆறு மாதமாக என்னைத் தொடாத கை. தடவித் தடவி என் இடது மணிக்கட்டைப் பிடித்தது, கட்டை விரல் அந்தத் தழும்பின் மேல் போய் நின்றது. பதினோரு வயசில் கஞ்சி வடிக்கும்போது கொட்டிக்கொண்ட தழும்பு. அன்றைக்கு அம்மாதான் ஓடிவந்து, சுட்ட இடத்துக்கு மை நல்லது என்று என் பள்ளிக்கூட மைப்புட்டியைத் திறந்து, நீல மை முழுவதையும் கையில் ஊற்றிவிட்டு, என்னைவிடச் சத்தமாக அழுதாள். மை தீர்ந்துபோயிற்று, கை ஆற ஒரு மாதம் ஆயிற்று, அதற்கப்புறம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த விரல் தழும்பைச் சுற்றி ஒரு சுற்று வந்தது. வாயோரம் கஞ்சி வழிந்தது. உதடு மூடிக்கொண்டது. மறுபடி வைத்தேன். முகம் மெல்ல, அவ்வளவு மெல்ல, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

தெரிந்துதான் திருப்பினாளா? களைப்பில் தானாகச் சாய்ந்ததா? விரல் சுற்றியது தழும்பு என்று தெரிந்தா, வெறுமே ஒரு மேடு தட்டுப்பட்டதாலா? இதை எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை. அம்மா சொல்ல மாட்டாள், டாக்டரம்மாவுக்குத் தெரியாது, மயிலாத்தாள் எதைக் கேட்டாலும் சிரிப்பாள். ஆனால் முகம் திரும்பியதை நான் பார்த்தேன். கரண்டியைக் கொண்டுபோனால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார் என்று அவள் சொன்னாளே, அந்தத் திருப்பல் எப்படி இருக்கும் என்று நான் அன்றைக்கு ஒரு நிமிஷம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பார்த்திருப்பேன். நான் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டியில் ஆடை கிழியாமல் இருந்ததற்கு, அவள் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று புதுசு புதுசாகக் காய்ச்சிக்கொண்டே இருந்தாள் என்றும் அர்த்தம் இருக்கலாம். எனக்குத் தெரியாது. பதினொரு வருஷமும் தெரிந்த மாதிரியே இருந்தேன். மணி நாலு ஆகிவிட்டது. செருப்புச் சத்தம் கேட்டது, டாக்டரம்மா தாளோடு வந்தார்கள், பின்னாலேயே மயிலாத்தாள் வெந்நீரோடு வந்து நின்றாள். "என்னம்மா, யோசிச்சீங்களா?" என்றார்கள். "குழாய் வேண்டாங்க" என்றேன். "கையக் கட்ட வேண்டாங்க. வாயில வெச்சுக் கேக்கறேன். வாங்கினா வாங்கட்டும். திருப்பிக்கிட்டா உட்டுடறேன். ஆனா தெனமும் வருவேன், தெனமும் நான்தான் கேப்பேன்." "தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா?" "அவன் எங்கிட்டத்தான் உட்டிருக்கானுங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா, நான்தான்னு நானே சொல்லிக்கறேன்." டாக்டரம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று நான் புரட்டிப் பார்க்கவில்லை, அதற்கு இப்போது நேரம் இல்லை. அம்மாவுக்கு வலி வராமல் இருக்க என்ன மருந்து, உதடு காயாமல் எதைத் தடவ வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தமிழ்த் தாளில், கீழே, து, ள, சி என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். அவர்கள் போனதும் மயிலாத்தாள் டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள், போகிறபோது பொட்டைப் பிய்த்து என் புறங்கையில் ஒட்டிவிட்டு, "பத்திரமா வெச்சுக்குங்க, நாளைக்கு வேணும்ல?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு முகம் சுட்டது, ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தேன். முதலில் தங்கம், அப்புறம் கண்ணாடி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டேன். நாற்காலியைத் தலைமாட்டிலிருந்து இழுத்து, ஜன்னல் பக்கம், அம்மாவின் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன். மயிலாத்தாள் கொண்டுவந்து வைத்த வெந்நீர் ஆறியதும் அதில் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டேன். மற்றக் கையை, வளையல் சத்தம் கேட்க, நன்றாக ஒரு தடவை குலுக்கினேன். பக்கத்துக் கட்டில் அம்மா கூடத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, நான் துளசி. என்ற கைதாம்மா இது" என்றேன். அம்மாவின் கண் சத்தம் வந்த பக்கம் வந்து நின்றது. உதடு மூடியிருந்தது. ஸ்பூனை அதன்மேல் வைக்காமல், ஒரு விரல்கடை தள்ளி, தண்ணீர் சிந்தாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.